'ஒக்கோ' என்றால் கணவனா? யொரூபா உறவுச்சொற்களைப் பற்றிய நீண்ட விவாதம்

தென்மேற்கு நைஜீரியாவில் மணமாகி வந்த பெண்ணொருத்தி, கணவனின் தங்கையை 'ஒக்கோ மி' என்று அழைக்கிறாள். 'மி' என்றால் 'என்'. 'ஒக்கோ' என்பதற்கு அகராதிகள் முதலில் தரும் பொருள் கணவன். அந்த நாத்தனாரும் பதிலுக்குத் தன் அண்ணன் மனைவியை 'இயாவோ மி', அதாவது 'என் மனைவி' என்கிறாள். கேட்டுக்கொண்டிருக்கும் யொரூபாக்காரர் எவருக்கும் இதில் வேடிக்கையோ விபரீதமோ தெரிவதில்லை. சொல்லுக்கு அகராதி தரும் பொருளும் அது வீட்டில் புழங்கும் பொருளும் இத்தனை தூரம் விலகி நிற்பது ஏன்? உறவுச்சொல் குறிப்பது எதை: பிறப்பையா, ஆண்-பெண் பாலையா, வயது வரிசையையா, வீட்டில் ஒருவருக்குள்ள உரிமையையா?

இந்தக் கேள்விக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து விடைகள் வந்தபடி இருக்கின்றன. பாதிரிமார், மானுடவியலாளர், நீதிபதிகள், பெண்ணியச் சிந்தனையாளர் என ஒவ்வொரு தரப்பும் தன் கையிலிருந்த கருவியால் இச்சொற்களை அளந்திருக்கிறது. அந்த விடைகளின் பிறப்பையும் பலவீனங்களையும் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

வீட்டுக்குள் புழங்கும் சொற்கள்

நைஜீரியாவிலும், அதற்கு மேற்கேயுள்ள பெனின், டோகோ நாடுகளிலுமாக நான்கு கோடிக்கும் மேற்பட்டோர் பேசும் மொழி யொரூபா. குரலின் ஏற்ற இறக்கத்தால் பொருள் மாறும் மொழி அது. 'ஒக்கோ'வைச் சமக்குரலில் சொன்னால் கணவன். இரண்டாம் அசையை உயர்த்தினால் மண்வெட்டி. தாழ்த்தினால் வண்டி அல்லது படகு. இரண்டு அசைகளையும் தாழ்த்தினால் ஈட்டி. தமிழ் எழுத்தில் இந்த வேறுபாடுகளைக் காட்ட வழியில்லை. இங்கே எழுதப்படும் சொற்களை அந்தக் குறையோடுதான் வாசிக்க வேண்டும்.

'பாபா' அப்பா, 'இயா' அம்மா. இவ்விரண்டில் பால் தெளிவாக இருக்கிறது. அடுத்த படியிலேயே அது மறைந்துவிடுகிறது. 'ஒமோ' என்றால் மகனும் உண்டு, மகளும் உண்டு. எழுபது வயதுக் கிழவரும் தன் தாய்க்கு ஒமோதான். வயதில் சிறிய குழந்தையைக் குறிக்க 'ஒமோடே' என்று வேறு சொல் இருக்கிறது. உடன்பிறந்தவர் என்றால் 'எக்பொன்' அல்லது 'அபூரோ': முன்னவர் மூத்தவர், பின்னவர் இளையவர். அண்ணனா அக்காவா என்று எக்பொன் சொல்வதில்லை. சொல்லியே ஆக வேண்டுமென்றால் ஆண், பெண் என்ற அடைமொழியைத் தனியாகச் சேர்க்க வேண்டும். படர்க்கைப் பெயரிலும் அவன்-அவள் வேறுபாடு கிடையாது. ஆனால் மூத்தவரைப் பன்மையில் சுட்டும் வழக்கம் உண்டு; எதிரே நிற்பவர் மூத்தவரானால் 'ஓ' என்ற ஒருமையை விட்டு 'எ' என்ற மரியாதைப் பன்மைக்கு மாற வேண்டும்.

ஆங்கிலம் உடன்பிறந்தாரின் பாலைச் சொல்லி வயதை விட்டுவிடுகிறது. யொரூபா வயதைச் சொல்லிப் பாலை விடுகிறது. தமிழ் இரண்டையும் சொல்லாமல் விடாது. எனவே ஆங்கிலம் வழியாக யொரூபாக் கதையொன்றைத் தமிழுக்குக் கொண்டுவருபவர் அண்ணனா தம்பியா என்று ஊகித்துத் திணற நேரும்; அந்தச் செய்தி மூலத்தில் இருந்து, இடைமொழியில் தொலைந்துபோன ஒன்று.

பல மனைவியர் உள்ள வீட்டில் வேறொரு நுட்பம் தலைகாட்டுகிறது. 'ஒமோ இயா' என்றால் தாயின் பிள்ளை: ஒரே வயிற்றில் பிறந்தவர். 'ஒபாக்கான்' என்றால் தந்தை மட்டும் ஒருவராக உடையவர். முதலாவது நம்பிக்கையின் சொல். உயிர் நண்பரையும் ஒமோ இயா என்று கொண்டாடுவதுண்டு. இரண்டாவதில் பங்காளித்தனத்தின் மணம் வீசும். சக்களத்தி 'ஓரோகுன்', மூத்த மனைவி 'இயாலே', சொல்லைப் பிரித்தால் 'வீட்டின் தாய்'. அதே அமைப்பில் வீட்டுத் தலைவர் 'பாலே', வீட்டின் தந்தை. சம்பந்திகளும் மாமனார் மாமியாரும் மருமக்களும் ஒரே சொல்லில் 'அனா'.

மணமாகி வந்தவள், தான் வருவதற்கு முன் அந்த வீட்டில் பிறந்தவர் எவரையும், அது நேற்றுப் பிறந்த குழந்தையானாலும், பெயர் சொல்லி அழைக்கக் கூடாது என்பது பழைய முறை. அதனால் அவள் ஆளுக்கொரு செல்லப்பெயர் சூட்டுவாள். கறுத்து மின்னும் பெண்ணுக்கு 'அடுமாடான்', ஒல்லியானவளுக்கு 'ஒபெலெங்கே'. கணவன் 'ஓலோவோ ஓரி மி': எனக்குப் பரியம் கொடுத்தவர். அவளுக்குக் குழந்தை பிறந்ததும் அவள் பெயரும் பின்னுக்குப் போகும். டாயோவைப் பெற்றவள் 'இயா டாயோ' ஆகிவிடுவாள். பிரசவம் கேட்டு வருபவர் சொல்லும் வாழ்த்து 'எ கூ எவு ஒமோ'. இதில் 'எவு' என்றால் ஆபத்து. பிள்ளைப்பேறு என்ற கண்டத்தைத் தாண்டி வந்தவளுக்கான வணக்கம் அது.

அகராதியும் அட்டவணையும்

யொரூபாச் சொற்களுக்கு ஆங்கிலப் பொருள் எழுதும் மரபை வலுவாக ஊன்றியவர் சாமுவேல் அஜாயி குரோதர். 1821ல் அடிமை வேட்டையில் சிறைபிடிக்கப்பட்டு, மறு ஆண்டு பிரிட்டிஷ் கடற்படையால் மீட்கப்பட்டு, சியரா லியோனில் படித்துப் பின்னாளில் பிஷப் ஆனவர். அவருடைய சொற்றொகுதி 1843ல் வெளியானது. குரோதருக்கு யொரூபா தாய்மொழி. வழக்கம் தெரியாமல் எழுதியவர் என்று அவரைச் சொல்ல முடியாது. சிக்கல் வடிவத்தில் இருக்கிறது. இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் ஓர் ஆங்கிலச் சொல் என்ற அமைப்பு, சொல்பவர் யார், கேட்பவர் யார், யார் முதலில் வீட்டுக்குள் வந்தவர் என்ற விவரங்களுக்கு இடம் தருவதில்லை. பைபிள் மொழிபெயர்ப்பும் பள்ளிப் பாடநூல்களும் அந்த இணைகளையே உறுதிப்படுத்தின.

அகராதிக்கு அடுத்து அட்டவணை வந்தது. 1871ல் லூயிஸ் ஹென்றி மோர்கன் உலகின் உறவுமுறைகளை வகைப்படுத்திப் பெருநூல் வெளியிட்டார். தமிழ் உறவுச்சொற்களும் வட அமெரிக்கச் செனெக்கா மக்களின் உறவுச்சொற்களும் ஒத்த அமைப்புடையவை என்ற கண்டுபிடிப்பு அந்நூலின் தூண்களில் ஒன்று. இவ்வகையில் இத்துறையின் பிறப்பிலேயே தமிழுக்குப் பங்கு உண்டு. 1949ல் ஜார்ஜ் பீட்டர் மர்டாக் அந்த முயற்சியை ஆறு பெட்டிகளாகச் செப்பனிட்டபோது, அத்தை மாமன் சித்தப்பா பெரியம்மா பிள்ளைகள் அனைவரையும் உடன்பிறந்தாராகவே அழைக்கும் முறைக்கு 'ஹவாய்' வகை என்று பெயரிட்டார். யொரூபா அந்தப் பெட்டிக்குள் போனது. தமிழில் அத்தை மகனும் மாமன் மகளும் தனிச்சொல் பெற்று மண உறவுக்கு உரியவராகிறார்கள். யொரூபாவில் அவர்கள் எக்பொன் அல்லது அபூரோ மட்டுமே, நெருங்கிய உறவில் மணமும் இல்லை. இந்த அளவில் பெட்டி பொருந்துகிறது.

பொருந்தாததும் இருக்கிறது. ஓஷோக்போ நகரில் ஆய்வு செய்த வில்லியம் ஷ்வாப் 1958ல் யொரூபா உறவுச்சொற்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். பெற்றோரின் உடன்பிறந்தாரை 'அப்பாவின் எக்பொன்', 'அம்மாவின் அபூரோ' என்று விரித்துச் சொல்லும் வழக்கமும் உண்டு. அவர்களையே பாபா, இயா என்று சுருக்கி அழைப்பதும் உண்டு. ஒரே ஆளை இடத்துக்குத் தக்கபடி இரு விதமாகக் குறிக்கும் மொழியை ஒற்றைப் பெட்டியில் அடைத்தால் ஏதாவது வெளியே நீட்டிக்கொண்டுதான் நிற்கும். இரத்த உறவு வரைபடத்தை எல்லாச் சமூகங்களின் மீதும் விரிப்பதே மேற்கத்தியப் பழக்கம் என்று 1984ல் டேவிட் ஷ்னைடர் தொடுத்த தாக்குதலுக்குப் பிறகு இத்தகைய பெட்டிகளின் மதிப்பு பொதுவாகவே குறைந்துவிட்டது.

மூப்பு என்ற விடை

பெட்டிகளை விடப் பயனுள்ள விடையை 1942லேயே வில்லியம் பாஸ்கம் முன்வைத்திருந்தார். இஃபே நகரில் களப்பணி செய்த அவர், யொரூபா சமூக அமைப்பின் அடிப்படை மூப்பு என்றார். இலண்டனில் 1939ல் முனைவர் பட்டம் பெற்ற யொரூபா அறிஞர் என். ஏ. ஃபாடிப்பேயின் ஆய்வும் இத்திசையில் வளமான சான்றுகளைக் கொண்டிருந்தது. ஆனால் அவர் 1944ல் இறந்துவிட, நூல் 1970ல்தான் அச்சேறியது. இந்தக் காலத்தாழ்ச்சி விவாதத்தின் போக்கையே பாதித்திருக்கலாம்.

மூப்பு என்றதும் வயது என்று எடுத்துக்கொண்டால் தவறு. வீட்டில் பிறந்தவருக்குப் பிறந்த நாளிலிருந்து மூப்பு தொடங்குகிறது. மணமாகி வந்தவளுக்கு அவள் வந்த நாள்தான் பிறந்த நாள். நாற்பது வயதில் இரண்டாம் முறை மணமாகி வருபவள், அந்த வீட்டில் முந்தைய ஆண்டு பிறந்த குழந்தைக்கும் இளையவள். அந்தக் குழந்தைக்குப் பின் பிறப்பவர்களுக்கு மூத்தவள். 'ஒக்கோ', 'இயாவோ' என்னும் இணையை இந்த ஒளியில் பார்த்தால் புதிர் தளர்கிறது: ஒக்கோ என்பது அந்த வீட்டில் பிறந்தவர், இயாவோ என்பது வெளியிலிருந்து வந்து சேர்ந்தவர். நாத்தனார் தன் பிறந்த வீட்டில் ஒக்கோ. மணமாகிப் போன வீட்டில் இயாவோ. ஒரே பெண் காலையில் ஒன்றாகவும் மாலையில் மற்றொன்றாகவும் இருக்க முடியும்.

'இயாவோ' என்ற சொல்லுக்கு மக்கள் சொல்லும் கதை வேறு: இவோ என்ற ஊரில் பெண் எடுக்கப் போனவர் பட்ட துன்பமே ('இயா' என்பதைத் தாழ்குரலில் சொன்னால் துன்பம்) பெயராக நிலைத்ததாம். கேட்கச் சுவையானது. மொழியியல் சான்றாக எடுத்துக்கொள்ளத் தக்கதல்ல.

மூப்பும் இயற்கை தந்த வரிசை மட்டுமல்ல என்பதற்கு இரட்டையர் நல்ல சான்று. முதலில் பிறப்பது டாய்வோ, பின்னால் வருவது கெஹிண்டே. ஆனால் மூத்தவர் கெஹிண்டே: உலகம் எப்படி இருக்கிறதென்று சுவைத்துப் பார்த்துவர அவரே டாய்வோவை முன்னால் அனுப்பினார் என்பது நம்பிக்கை. முன்வந்தவருக்கே மூப்பு என்ற தன் விதியை அந்தப் பண்பாடு இங்கே தானே தலைகீழாக்குகிறது.

பாஸ்கமின் விடைக்குப் பலவீனம் உண்டு. எல்லாவற்றையும் மூப்பு விளக்கிவிடுகிறது என்று தொடங்கினால், யாருக்கு மூப்பைச் சேர்த்துக்கொள்ளும் வாய்ப்பு கிடைக்கிறது என்ற கேள்வி விடுபட்டுப் போகிறது. வீடு மாறிப் போய்க் கடைசி வரிசையில் நிற்பவள் பெண்தான்.

பால் இல்லாத உறவா?

1997ல் ஓயெரொங்கே ஓயெவுமி வெளியிட்ட நூல் இந்த விவாதத்தைப் புரட்டிப்போட்டது. ஒக்போமோஷோ அரச குடும்பத்தைச் சேர்ந்த சமூகவியலாளர் அவர். 'பெண்' என்ற சமூக வகையே காலனியத்துக்கு முந்தைய யொரூபாவில் இல்லை, அது மேற்கத்தியப் புனைவு என்பது அவர் வாதம். உடலில் வேறுபாடு இருந்தது, அதற்குச் சொற்களும் இருந்தன. அந்த வேறுபாடு ஒருவரின் இடத்தை நிர்ணயிக்கவில்லை, மூப்பே நிர்ணயித்தது. எக்பொன், அபூரோ, ஒமோ, ஒக்கோ ஆகிய சொற்களே அவருடைய முதன்மைச் சாட்சிகள். 'ஒக்கோ'வைக் கணவன் என்றும் 'இயாவோ'வை மனைவி என்றும் மொழிபெயர்த்தது பிழையே என்றார்.

இந்நூலின் பெரும் பயன் ஐயத்தை விதைத்தது. அதற்குப் பிறகு எவரும் 'யொரூபாப் பெண்களின் நிலை' என்று கூசாமல் எழுதத் தொடங்க முடியவில்லை. ஆனால் மொழி வெற்றிடம் விட்ட இடத்தில் சமூக வாழ்விலும் வெற்றிடம் இருந்தது என்ற தாவலுக்கு அந்நூல் போதிய சான்று தருவதாகத் தோன்றவில்லை. பால் காட்டாத படர்க்கைச் சொல் உள்ள மொழிகள் உலகில் ஏராளம். அவற்றைப் பேசுவோரிடையே ஆண் மேலாண்மைக்குக் குறைவில்லை.

பிபி பகாரே-யூசுஃப் எழுப்பிய மறுப்பும் இதை ஒட்டியதே: சொல்லின் பொருளை வைத்து வாழ்வை அளக்க முடியாது, அதிகாரம் ஒரே ஊற்றிலிருந்து வருவதில்லை, மூப்பும் பாலும் செல்வமும் பின்னிக் கிடக்கின்றன, 'மூத்தவருக்கு மரியாதை' என்ற மொழியே சில கொடுமைகளை மூடி மறைக்கவும் உதவும். வரலாற்றறிஞர் ஜே. டி. ஒய். பீல் மிஷனரி நாட்குறிப்புகளிலிருந்து வேறொரு சான்றை எடுத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இஃபா குறி முறை பெரும்பாலும் ஆண்களிடமும், ஒரிஷா தெய்வ வழிபாட்டின் பெரும்பகுதி பெண்களிடமும் இருந்தன. பால் பொருட்டில்லை என்றால் இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது?

லொரண்ட் மட்டோரியின் பார்வை இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. வட ஓயோப் பகுதியின் இக்போஹோ ஊரில், ஷாங்கோ தெய்வம் இறங்கும் ஆண் பூசாரிகள் மணப்பெண்ணைப் போலத் தலைபின்னி, 'தெய்வத்தின் இயாவோ' எனப்படுவதை அவர் 1994ல் வெளியான நூலில் விவரித்தார். ஆணும் இயாவோ ஆகலாம் என்பது ஓயெவுமியின் கட்சிக்கு வலுச் சேர்ப்பதாகத் தெரியும். மட்டோரி எதிர்ப்பக்கமாகப் படிக்கிறார்: தெய்வத்துக்கு அடங்கிய நிலையைக் காட்ட அந்த ஆண்கள் மனைவியின் உடையையும் சடையையும் தேர்கிறார்கள் என்றால், மனைவி என்ற நிலையில் பாலும் பணிவும் முன்பே ஒட்டியிருக்கின்றன. ஒரே சான்று இரு தரப்புக்கும் உழைக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கரின் பார்பர் 1991ல் ஒகுகு ஊரைப் பற்றி எழுதிய நூல் இந்தச் சண்டையில் அதிகம் இழுக்கப்படுவதில்லை, இழுத்திருக்க வேண்டும். 'இலே' (வீடு) என்பது தந்தைவழிக் கூட்டம் என்ற பாடநூல் வரையறை நடைமுறையில் நெகிழ்கிறது, தாய்வழித் தொடர்பும் வந்தேறிகளும் அதில் கலந்திருக்கின்றனர் என்று அவர் காட்டினார். வீட்டில் பிறந்தவர், வந்து சேர்ந்தவர் என்ற கோடே அவ்வளவு நேரானதல்ல என்றால், அந்தக் கோட்டின் மீது நிற்கும் ஒக்கோ-இயாவோ விளக்கமும் சற்று ஆடத்தான் செய்யும்.

நீதிமன்றம் ஏறிய சொற்கள்

அகராதியை விடவும் இலக்கணத்தை விடவும் நம்பகமான சாட்சி சொத்து வழக்குகள் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. சொல்லுக்குத் தவறான பொருள் கொண்டால் அங்கே யாரோ ஒருவர் வீட்டை இழக்கிறார்.

1908ல் லாகோஸில் தீர்ப்பான லூயிஸ் எதிர் பாங்கோலே வழக்கில், குடும்பத்தை நிறுவியவர் இறந்ததும் தலைமை மூத்த மகனுக்கு, அவருக்குப் பின் எஞ்சிய பிள்ளைகளில் மூத்தவருக்கு, அது ஆணோ பெண்ணோ ஆகலாம் என்று நீதிமன்றம் ஏற்றது. இந்த ஒரு தீர்ப்பில் இரு கட்சிகளுக்கும் பாதி வெற்றி இருக்கிறது. முதல் படியில் ஆண். அடுத்த படியில் பால் காட்டாத மூப்பு.

சொத்தைப் பிரிப்பதில் இரு முறைகள் மோதின. 'இடி-இகி' என்றால் மரத்தின் அடி: ஒவ்வொரு மனைவியும் ஒரு மரம், அவள் பிள்ளைகள் சேர்ந்து ஒரு பங்கு. 'ஓரி-ஓஜோரி' என்றால் தலைக்கொரு பங்கு. டாவோடு எதிர் டான்மோலே வழக்கில் கீழ் நீதிமன்றம் தலைக்கணக்கே நியாயம் என்றது. மேல்முறையீட்டில் அது மாறியது, 1962ல் இலண்டன் பிரிவி கவுன்சில் இடி-இகியையே பொது வழக்காக உறுதி செய்தது. தந்தைவழிச் சமூகம் என்று பெயர் எடுத்த ஒன்றில் சொத்து தாயின் வயிற்றை வைத்துப் பிரிகிறது. ஒமோ இயா என்ற சொல்லின் எடை இங்கேதான் புரியும்.

அதே மரபில் அந்தத் தாய்க்குக் கணவன் சொத்தில் பங்கில்லை. சொத்து இரத்த வழி போகும், மனைவி இரத்தமல்ல என்று 1957ல் நைஜீரியாவின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றமும் கூறியது. வந்து சேர்ந்தவள் கடைசிவரை வந்து சேர்ந்தவள்தான். ஆனால் அவள் தன் பிறந்த வீட்டில் ஒக்கோ. அங்கே மகள் என்ற முறையில் உரிமை உண்டு. ஆங்கிலேயர் 1884ல் கொண்டுவந்த திருமணச் சட்டம் லாகோஸின் கிறித்தவ மேட்டுக்குடியினருக்கு ஒருதார மணத்தையும், மனைவிக்கு வாரிசுரிமையையும் தந்தது. அதோடு 'மனைவி' என்ற ஆங்கில வகையே ஊருக்குள் நுழைந்ததாகவும் கொள்ளலாம்.

இன்று யொரூபா வீடுகளில் மூத்தவளை 'ஆன்டி' என்றும் மூத்தவனை 'போடா' என்றும் அழைப்பது சாதாரணம். ஆங்கில 'பிரதர்' தேய்ந்து போடா ஆனது. தமிழ்க் காதுக்கு வசவு போல ஒலித்தாலும் அங்கே அது மரியாதை. எக்பொன் ஒன்றே செய்த வேலையை இரு பால்சொற்கள் பங்கிட்டுக்கொண்டன. கடன் வாங்கியவர்களோ அவற்றில் மூப்பை ஏற்றிவிட்டார்கள். மொழி எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்டால், இரண்டு பக்கமும் என்பதே விடை.

தீராதவை

அட்லாண்டிக் கடந்த சொற்கள் மேலும் ஒரு தடயம். பிரேசிலின் பாயியா மாநிலத்துக் கண்டொம்ப்ளே வழிபாட்டில் தீட்சை பெற்றவர், ஆணானாலும் பெண்ணானாலும், 'இயாவோ'. ஏழாண்டுக் கடமைகளை முடித்ததும் 'எபோமி' ஆகிறார். அது 'எக்பொன் மி', என் மூத்தவர் என்பதன் தேய்வு. அடிமைக் கப்பல்களில் போன இச்சொற்கள் மூப்பின் தர்க்கத்தை அப்படியே காத்திருக்கின்றன. இதை வைத்து அந்தத் தர்க்கம் காலனிய ஆட்சிக்கு முந்தியது என்று சொல்லலாம். பால் அப்போது பொருட்டாக இருக்கவில்லை என்று சொல்ல இது போதாது.

இன்றைய நிலையில் மூன்றைச் சற்று உறுதியாகச் சொல்ல முடியும். 'கணவன்' என்பது ஒக்கோவின் ஒரு பகுதிப் பொருள் மட்டுமே. மூப்பு உறவுச்சொற்களின் முதன்மை அச்சு. திருமணமும் சொத்தும் வரும் இடங்களில் பால் உள்ளே நுழைகிறது. இவற்றுக்கு அப்பால், ஒக்கோ முதலில் கணவனைக் குறித்துப் பிறகு வீட்டாருக்குப் பரவியதா, வீட்டாரைக் குறித்துப் பின் கணவனில் சுருங்கியதா என்பதற்கு விடை இல்லை. அதைத் தீர்க்கும் அளவுக்குப் பழைய எழுத்துச் சான்று கிடைக்கவில்லை.

கிளைமொழிகளை ஒப்பிட்டால் ஒருவேளை வழி திறக்கலாம். இஜேபு பகுதியில் தாய்வழியாகவும் வம்ச உறுப்புரிமை உண்டு என்று பி. சி. லாயிட் 1960களிலேயே காட்டியிருந்தார். அங்கே ஒக்கோ யார் யாரையெல்லாம் தழுவுகிறது என்பது தனியே கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் இக்கட்டுரையில் சான்றாக வந்த இஃபே, ஓஷோக்போ, ஒகுகு, இக்போஹோ, ஒக்போமோஷோ ஆகிய ஐந்து ஊர்களும் இன்றைய ஓயோ, ஓஷுன் என்ற இரண்டே மாநிலங்களுக்குள் இருக்கின்றன.